குறியும் ஆறுதலும்: மட்டக்களப்பு வழக்கினை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரை எனவும் படுவான்கரை எனவும் வழங்கும் ஊர்களிலே, வைகாசித் திங்கள் பிறந்ததும் கண்ணகியம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கப்படும். ஆண்டின் பெரும்பகுதி அடைத்தே கிடக்கும் இக்கோயில்களிற் சடங்கு தொடங்கி, வழக்குரை படிக்கப்பெற்று, குளிர்த்தியோடு நிறைவெய்தும். இவையன்றிக் காளி, மாரி, பேச்சி முதலிய அம்மன்களின் கோயில்களிலும் சடங்குக் காலத்தில் உடுக்கும் பறையும் முழங்க, வேப்பங்குழை ஏந்தி உருவேறி ஆடும் தெய்வக்காரரிடம் மக்கள் வாக்குக் கேட்பர். தீராத நோய், தவறிப்போன மாடு, தள்ளிப்போகும் கலியாணம், கடல் கடந்து சென்ற மகனின் நிலை என்று கேட்கப்படும் வினாக்கள் பலவாகும். கேட்பவரின் தலையில் கைவைத்தோ, நெற்றியில் நீறு பூசியோ தெய்வக்காரர் கூறும் வாக்கு ஒன்றிரண்டு தொடர்களுக்கு மேற்படுவதில்லை. ஆயினும் அதனைக் கேட்டோர் பல திங்கள் அச்சொல்லைச் சுமந்து திரிவர்.

1990ஆம் ஆண்டின் பின்னர் இவ்வினாக்கள் யாவற்றையும் பின்தள்ளி ஒரு வினா முன்னே வந்து நின்றது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்த அகதிகளுள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. இன்று மாணவர் நூலும் கையுமாய் நடமாடும் அதே வளாகத்தில், அன்று தாய்மாரும் மனைவியரும் நின்று, வரிசையாக ஏற்றப்பட்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இது ஒரு நாளின் கணக்கு மாத்திரமே. அதற்கு முன்னும் பின்னும், வெவ்வேறு கைகளால் கொண்டுசெல்லப்பட்டு மீளாதோர் இப்பிரதேசத்தின் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்களுடைய வீட்டார் முகாம்களின் வாயிலில் நின்றனர், மனு எழுதினர், அதன்பின் அம்மன் கோயிலுக்குச் சென்று ஒரே ஒரு வினாவைக் கேட்டனர். அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?

1990களில் மட்டக்களப்பிலே கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1997இல் கொலறாடோப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு இவ்வாக்குச் சொல்வோரைப் பற்றியதே. வாய் திறந்து பேசுவதே ஆபத்தாயிருந்த அக்காலத்தில், துயரத்தை உரக்கச் சொல்லவும் அதனைப் பிறர் கேட்கவும் இடமாயிருந்தவற்றுள் இக்கோயில்களும் அடங்கும் என்பது அவ்வாய்வினாற் பெறப்படும். மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் இவ்வழக்கினை மூடிவிட முனைவோர், நீதிமன்றமும் பத்திரிகையும் கேளாத ஒன்றை உடுக்கொலியிடையே ஒருவர் கேட்டார் என்பதனை முதலிற் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

எனினும் இவ்வழக்கினூடே ஓர் அறவியல் வினா எழுகின்றது. ஒரு தாய் ஒரு கோயிலில் வாக்குக் கேட்கிறாள் எனக் கொள்வோம். வந்த வாக்கு தெளிவற்றதாக இருக்கின்றது. அவள் வாவியைக் கடந்து மற்றோர் ஊருக்குச் செல்கிறாள். அங்கே, மகன் மண்ணுக்குள் இருக்கிறான் என்று வாக்கு வருகின்றது. மூன்றாவது கோயிலில், மேற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான், பொறுத்திரு என்கிறது தெய்வம். அன்று முதல் அவள் அந்த மூன்றாவது கோயிலுக்கே செல்கிறாள். மற்றைய இரண்டின் பக்கமும் தலைவைத்துப் படுப்பதில்லை. அவள் செய்தது சரியா? துன்பக் காலத்திலே, நல்லதையே சொல்லும் வாயைத் தேர்ந்து அதனிடமே கேட்டுக்கொண்டிருத்தல் அறத்தின்பாற்பட்டதா, அன்றித் தன்னைத்தானே ஏமாற்றும் செயலா?

இவ்வினா வாவிக்கரைக்கு மாத்திரம் உரியதன்று. டாரட் என்னும் குறிச்சீட்டுகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே விளையாட்டுச் சீட்டாகத் தோன்றிய இது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சு நாட்டிலே குறி பார்க்கும் கருவியாயிற்று. கட்டொன்றுக்கு 78 சீட்டுகள். 1909இல் இலண்டனில் வெளிவந்து இன்றுவரை பெரிதும் வழங்கும் கட்டிற்குப் படம் வரைந்தவர் பமெலா கோல்மன் சிமித் என்ற பெண்மணி. அக்கட்டின் 13ஆஞ் சீட்டில் மரணம் வெண்குதிரையேறி வருகின்றது. 16ஆஞ் சீட்டில் இடிவிழுந்த கோபுரத்திலிருந்து மாந்தர் தலைகீழாய் வீழ்கின்றனர். துயருற்றிருக்கும் ஒருவர் இக்கட்டினைக் கையிலெடுக்க அஞ்சுதல் இயல்பே. ஆகவே அண்மைக் காலத்தில், மரணத்துக்கு வேறொரு மென்மையான பெயரிட்டும், இடிகோபுரத்தை இனிய காட்சியாக மாற்றியும், வானவர் முகங்களையே வரைந்தும் வெளிவரும் கட்டுகள் பலவாயின. கடினமான காலத்தில் மனத்தைத் தூக்கி நிறுத்தும் கட்டு எதுவெனத் தேடி வாங்குவோரும் உளர். எந்தச் சீட்டை எடுத்தாலும் நல்லதே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தும் அவர்கள் சீட்டெடுக்கின்றனர். வாவிக்கரைத் தாய் மூன்றாவது கோயிலைத் தேர்ந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமையும் ஒன்றுண்டு, அது பின்னர் நோக்கப்படும்.

தமிழிலக்கியத்தில் இத்தகைய தேடல் பழமையானது. பத்துப்பாட்டுள் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலே, போர்மேற் சென்ற தலைவனை நினைந்து வருந்துகின்றாள் தலைவி. முதுபெண்டிர் மாலைப்பொழுதில் ஊரின் புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவிக் கைதொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். விரிச்சியாவது, தம்மையறியாது பிறர் சொல்லும் சொல்லை நற்குறியாகக் கொள்ளுதல். அவ்வேளை, தாயைக் காணாது தவிக்கும் கன்றொன்றை நோக்கி, உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று ஆயமகள் ஒருத்தி தேற்றுகின்றாள். அச்சொல்லைக் கொண்டுவந்து முதுபெண்டிர் தலைவிக்குக் கூறுகின்றனர்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கன இரண்டு. முதலாவது, அப்பெண்டிர் காலத்தையும் இடத்தையும் தேர்ந்தனரேயன்றிச் சொல்லைத் தேர்ந்திலர். ஆயர் வாழும் பக்கத்தில், கறவைகள் வீடு திரும்பும் அந்திவேளையில் போய் நின்றால் எத்தகைய சொல் செவியில் விழும் என்பது அனுபவம் மிக்க அம்முதியோருக்குத் தெரியாதிருந்திராது! ஆயினும் ஆயமகள் கன்றை அடித்துக் கடிந்திருக்கவும் கூடும். அந்த ஐயத்துக்கு அவர்கள் இடம் வைத்தே சென்றனர். இரண்டாவது, அவர்கள் எத்தனை எடுத்துக்காட்டியும் தலைவி தேறாள். கண்ணீர் பெருக அழுகின்றாள். அவள் அழுததற்காக எவரும் அவளைக் குறைகூறவில்லை. நற்சொல் அவள்முன் வைக்கப்பட்டது. அவள் தலைமேல் ஏற்றப்படவில்லை. தீச்சொல் கேட்டிருப்பின் அம்முதுபெண்டிர் என் செய்திருப்பர் என்பதனைப் பாட்டுச் சொல்லவில்லை. அறவியலார் கேட்க வேண்டிய வினா அதுவேயாகும்.

நற்குறியைத் தேர்ந்துகொள்வோரை நகைப்பவர் கூறும் நியாயம் எளிது. நல்லதையே சொல்லும் என்று தெரிந்த சீட்டு எதனையும் சொல்வதில்லை. எக்காலமும் ஒரே மணியைக் காட்டும் கடிகாரத்தை எவரும் கையிற் கட்டார் என்பர். இந்நியாயம் ஒருவகையில் உறுதியானதே. ஆயின், தாலாட்டுப் பாடும் தாயை நோக்கி இவ்வாறு எவரும் வாதிடுவதில்லை. மகனை மன்னன் என்றும், தொட்டிலைப் பொன்னென்றும், மாமன் யானைமேல் வருவான் என்றும் அவள் பாடுகின்றாள். தொட்டில் பழஞ்சேலையாலானது, மாமன் சைக்கிளில் வருபவன். அவள் பொய் சொல்கிறாள் என்று எவரேனும் கூறின் அவரே நகைப்புக்கு இடமாவர். ஏனெனில் தாலாட்டு ஒரு செய்தியன்று. குழந்தையின் அழுகையை ஆற்றுவதும், இரவு முழுதும் விழித்த தாயின் தளர்ச்சியை ஆற்றுவதும் அதன் தொழில்.

ஆகவே, குறி கேட்போர் கேட்கும் வினாக்கள் இருவகைப்படும். உண்மையில் என்ன நிகழ்ந்தது என்பது ஒன்று. இந்தப் பகலை எவ்வாறு கழிப்பது என்பது மற்றொன்று. காலையில் எழுந்து ஒரு சீட்டை எடுத்து, அதிற் கண்ட ஒளிபொருந்திய படத்தை நெஞ்சில் நிறுத்தி அன்றைய வேலையைத் தொடங்குபவர் இரண்டாவது வினாவுக்கே விடை தேடுகின்றார். அவர் தேர்ந்தது ஒரு பாட்டைத் தேர்ந்ததற்கு ஒப்பாகும். தமக்கு இதமான பாட்டைத் தேர்ந்தமைக்காக எவரையும் குற்றஞ்சாட்ட முடியாது. கட்டினைத் தாமே தெரிந்தெடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். அத்தெளிவு உள்ளவரை அங்கே ஏமாற்றுபவருமில்லை, ஏமாறுபவருமில்லை. வாவிக்கரைத் தாயின் நிலையோ வேறு. அவள் கேட்டது முதலாவது வினா. மகன் இருக்கிறானா என்பதற்குத் தாலாட்டு விடையாகாது. முன்னர்க் குறித்த வேற்றுமை இதுவே.

இவ்வாறு கூறுவதனால் அத்தாய் குற்றவாளி என்பது பெறப்படுமோ எனின், படாது. அவளுக்கு விடையளிக்க வேண்டியவர் தெய்வக்காரர் அல்லர். கொண்டுசென்றவர்க்கு விடை தெரியும். அவர்கள் வாய் திறக்கவில்லை. முதல் வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய வாயெல்லாம் மூடியிருந்தமையாலேயே, இரண்டாவது வினாவுக்கு உரிய இடத்தில் அவள் முதல் வினாவைக் கொண்டுபோய்க் கேட்க நேர்ந்தது. இறந்தாரா இருக்கிறாரா என அறியவொண்ணாத இழப்பு, மரணத்தினும் கடினமாக மனத்தைக் கட்டிவிடும் என்பதனை அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். முப்பத்தோராம் நாட் கிரியையும் இல்லை, திரும்பி வந்தான் என்ற மகிழ்ச்சியும் இல்லை. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாத மனைவிக்கு, ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நிற்பதே ஒரு குறி கேட்டலாகும்.

இவ்விடத்துத் தீச்சொல் பற்றியும் ஒன்று கூற வேண்டியுளது. ஆறுதலை ஐயுறுவோர் பலர், துயரமான சொல்லை ஐயுறுவதில்லை. இனிமையானது பொய்யாயிருக்கக்கூடும் என்பதனால் கசப்பானது மெய்யாயிருக்க வேண்டும் என்று அவர் கருதுவர் போலும். இரண்டாவது கோயிலில், மகன் மண்ணுக்குள் இருக்கிறான் என வந்த வாக்கும் சான்று காட்டாத வாக்கே. சான்றின்றி இறந்தான் எனல், சான்றின்றி இருக்கிறான் எனலைக் காட்டிலும் நேர்மையுடையதன்று. தேடலை நிறுத்திவிட வேண்டுமென விரும்புவோருக்கு அது மிகவும் வாய்ப்பான சொல்லுமாகும்.

இனி, தீய சீட்டு முழுவதும் அகற்றப்பட்ட கட்டினைப் பற்றி நோக்கலாம். தமிழ்ச் சைவ மரபிலே இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஒன்றுண்டு; அது கோளறு திருப்பதிகம். திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குப் புறப்படுகையில், நாளும் கோளும் நன்றாயில்லை என்று அப்பர் தடுக்கின்றார். அவ்வேளை பாடப்பட்டதாகக் கூறப்படும் இப்பதிகம் வாவிக்கரை வீடுகளிலும் இன்றளவும் ஓதப்படுகின்றது. கோள்கள் யாவும் அடியாருக்கு நல்லவையே என்பது அதன் துணிபு. மேலோட்டமாகப் பார்ப்பின் இதுவும் நல்லதையே சொல்லும் சீட்டுக்கட்டுப் போலத் தோன்றும். ஆயின் சம்பந்தர் சனியை ஒளிக்கவில்லை, பாம்பிரண்டையும் விலக்கவில்லை. ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி அழைத்து நிறுத்தி, அதன்பின்னரே நல்லவை என்கின்றார். கொடுநோய், விலங்கு, வெப்பு, குளிர் என அஞ்சத்தக்கன பலவும் பதிகத்தினுள் வரிசையாக வருகின்றன. கட்டிலே மரணச் சீட்டு இருக்கின்றது, அது எடுக்கப்படுகின்றது, எடுத்தவர் நடையை நிறுத்தவில்லை. அப்பருடைய அச்சமும் பொய்யென்று தள்ளப்படவில்லை. மரணச் சீட்டை அச்சிடாது விட்ட கட்டுக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. முன்னையது துன்பத்தைக் காணாதவரைத்தான் துணையாக வரும். பதிகமோ துன்பத்தைக் கண்டபின்னும் வருகின்றது. நோய் கண்ட வீட்டிலும், படைமுகாம் வாயிலிலும் முணுமுணுக்கப்படுவது எதுவென்பதை இப்பிரதேச மக்கள் அனுபவத்தாலேயே தேர்ந்துள்ளனர்.

இதுகாறும் கூறியது தமக்கெனத் தேர்வோரைப் பற்றியது. பிறருக்காகத் தேர்வோரின் நிலை இன்னும் சிக்கலானது. மூன்றாவது கோயிலின் தெய்வக்காரருக்கு மூத்த மகள் முன்னரே சென்று, அம்மாவுக்கு நல்ல வாக்காகச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருப்பின்? அன்பினாலன்றி வேறெதனாலும் அவள் அதனைச் செய்திராள். 1797இல் எழுதிய கட்டுரையொன்றில் ஜேர்மன் தத்துவஞானி கான்ற், கொலைகாரன் வாயிலில் வந்து நின்று கேட்பினும் பொய் கூறலாகாது என்றார். அவ்வளவு கடுமையை மட்டக்களப்பு வீடொன்றின் திண்ணையில் நின்று ஏற்றல் அரிது. வள்ளுவரோ, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என இடமளித்தார். மகளுக்கு அது போதுமான சான்றாகத் தோன்றலாம். ஆனால் வள்ளுவர் நன்மை என்று வாளா கூறாது, குற்றம் நீங்கிய நன்மை என்றே வரையறுத்தார். அந்த ஓர் அடைமொழியை நிறைவேற்றுதல் எளிதன்று. மகன் இருக்கிறான் என்ற வாக்கை நம்பிய தாய், விடுவித்துத் தருகிறேன் என்று வரும் தரகனிடம் காணி உறுதியைக் கொடுத்துவிட்டால், அன்று சொல்லப்பட்ட நற்சொல்லில் குற்றம் புகுந்துவிடும். மகள் அன்பினாற் சொன்ன பொய் தரகனின் கையில் முதலாகின்றது. அத்தோடு இன்னொன்றும் நிகழ்கின்றது: அன்று முதல் அவ்வீட்டில் இருவரும் ஒன்றாக அழ முடியாது. ஒருத்திக்குத் தெரிந்ததை மற்றவள் அறியாள். தாய்க்கு ஆறுதல் தேடிய மகள், தன் துயரத்தைத் தனியே கிணற்றடியில் வைத்து அழ வேண்டியவளாகின்றாள். இவ்விழப்பு எந்த நூலின் கணக்கிலும் வருவதில்லை.

வைகாசிதோறும் இங்கு வழிபடப்பெறும் கண்ணகியின் கதையே இவ்விடத்து நினைக்கத்தக்கது. கனாத்திறம் உரைத்த காதையிலே, தீக்கனாக் கண்டு கலங்கிய கண்ணகியை நோக்கி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் பிரிந்த கணவனைக் கூடலாம் என்கிறாள் தோழி தேவந்தி. அது பெருமையன்று என ஒரே சொல்லிற் கண்ணகி மறுத்துவிடுகின்றாள். கைக்கெட்டிய ஆறுதலை வேண்டாமென்றவளே ஈண்டுத் தெய்வமாயினாள். ஆயினும் எல்லோரும் கண்ணகியாதல் இயலாது. இளங்கோவடிகளும் அதனை எதிர்பார்த்தாரல்லர். ஆய்ச்சியர் குரவையில் மாதரி வேறொரு வழியைக் காட்டுகின்றாள். குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சொரிகின்றது. ஆக்களின் கழுத்துமணி நிலத்தில் வீழ்கின்றது. வருவதொன்று உண்டு என மாதரி வாய்விட்டே சொல்கின்றாள். தீக்குறியை அவள் மறைக்கவுமில்லை, அதன்முன் சோர்ந்து இருந்துவிடவுமில்லை. கன்றும் கறவையும் துயர் நீங்குக என்று மகளிரைக் கூட்டிக் குரவை ஆடச் செய்கின்றாள். ஆடல் முடிந்தவுடன் கோவலன் கொலையுண்ட செய்தி வருகின்றது. குரவை கோவலனைக் காக்கவில்லை. ஆனால் மாதரி குரவையாடியது வீண் என்று காப்பியத்தில் எவரும் கூறவில்லை. அச்செய்தி வருமுன் அப்பெண்கள் ஒருவரோடொருவர் கைகோத்து ஆடினர் என்பதும் சிறிதன்று.

2016இல் இயற்றப்பட்ட சட்டங்களின் வழியே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைவதற்கும், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணப்படாதிருக்கிறார் என்பதை மாத்திரம் உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்குவதற்கும் வழி செய்யப்பட்டது. அதனால் உண்மை வெளிவந்துவிட்டது என்று கூறுவார் இல்லை. வந்தாறுமூலைக்காரரும் அவ்வாறு கூறார். ஆண்டுதோறும் செப்டெம்பர் 5இல் அவர்கள் நினைவுகூரலுக்கெனக் கூடியே வந்துள்ளனர். எனினும் அக்கடதாசி இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இறந்தார் என்றும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லும் சீட்டு அது. மூன்று கோயிலிலும் அத்தாய்க்குக் கிடையாதது அதுவே. அவளுக்கு அது ஆறுதலா என்பது வேறு வினா. பெட்டியின் அடியில் மகனுடைய பாடசாலை அறிக்கைப் புத்தகத்தோடு அதனை வைத்துவிட்டு, வைகாசி வந்ததும் அவள் மீண்டும் மூன்றாவது கோயிலுக்குப் போவாளாயின், அது வாக்குக் கேட்பதற்காக இல்லாமலும் இருக்கலாம். குளிர்த்திப் பாட்டுக் கேட்கவும், தன்னைப் போன்ற நாலு பேர் நடுவில் மணலில் அமர்ந்திருக்கவும் அவள் போகலாம்.

சிலப்பதிகாரத்தின் இறுதியான வரந்தரு காதையில் தேவந்தி மீண்டும் வருகின்றாள். அன்று கண்ணகிக்கு ஆறுதல் வழி கூறியவள், இப்போது சேரன் எழுப்பிய கோட்டத்தில் நின்று தெய்வமேறி ஆடுகின்றாள். அங்கு வந்திருந்த சிறுமியர் மூவர்மேல் நீர் தெளிக்கப்படுகின்றது. கண்ணகியின் தாயாகவும், கோவலனின் தாயாகவும், மாதரியாகவும் இருந்த முற்பிறப்பு அவர்களுக்கு நினைவு வருகின்றது. மக்கள் திரும்பி வருவர் என்று தேவந்தியின் வாக்கு அவர்களுக்குச் சொல்லவில்லை. தன் மகளே என ஒருத்தியும், தன் மகனே என மற்றொருத்தியும் அழுகின்றனர். சேரமன்னனும் அவையோரும் நின்று அதனைக் கேட்கின்றனர்.